லேக் மங்கோ: அந்தக் கடைசிப் பத்து நிமிடம் (படம் பார்க்காதவர்கள் உள்ளே வராதீர்கள், கதை முழுக்க உடைந்து கிடக்கிறது)

கடைசிவரிசை:
நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாக லேக் மங்கோ பார்த்தேன். 2008இல் வந்த ஆஸ்திரேலியப் படம், ஜோயல் ஆண்டர்சன் இயக்கிய ஒரே முழுநீளப் படம். எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர்கூட இதைப் பார்த்ததில்லை, வீட்டில் சொன்னால் "பேய்ப்படத்துக்கு இவ்வளவு பேச்சா" என்பார்கள், அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன்.

பார்த்து ரொம்ப நாள் ஆனவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா மாநிலத்தில் ஆரராட் என்கிற சிற்றூர். 2005 டிசம்பரில் பாமர் குடும்பம் ஓர் அணைக்குக் குளிக்கப் போகிறது, 16 வயது ஆலிஸ் மூழ்கிப் போகிறாள். அப்பா ரஸ்ஸல் உடலை அடையாளம் காட்டுகிறார், அம்மா ஜூன் பார்க்கவில்லை. அப்புறம் வீட்டில் சத்தம், மகன் மேத்யூ எடுக்கும் புகைப்படங்களில் ஆலிஸ் மாதிரி ஓர் உருவம், கடைசியில் புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மரபணுச் சோதனை வரைக்கும் போகிறது. இதெல்லாம் ஏதோ தொலைக்காட்சி ஆவணப்படம் மாதிரி, எல்லோரும் கேமரா முன்னால் உட்கார்ந்து அமைதியாகப் பேசுகிற பேட்டிகளாக வரும்.

என் கேள்வி முடிவைப் பற்றி. ரே கெமனி என்கிற அந்த ஆவியோடு பேசுகிறவர், ஜூனைக் கண்மூடி உட்காரவைத்து மனத்துக்குள் அவர் வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்கிறார். ஆலிஸின் அறைக்குள் போகிறார் ஜூன். யாரும் இல்லை. அதோடு மாறி மாறி இன்னொரு பதிவும் ஓடுகிறது: ஆலிஸ் சாவதற்குச் சில மாதம் முன்னால் அதே ரேயிடம் வந்து உட்கார்ந்தது. அவளும் கண்ணை மூடிக்கொண்டு அறைக்குள் இருக்கிறாள். அம்மா வருகிறாள் என்கிறாள். அம்மா தன்னைப் பார்க்கவில்லை என்கிறாள். போய்விட்டாள் என்கிறாள்.

அப்புறம் குடும்பம் நிம்மதியாகி வீட்டைக் காலி செய்கிறது. வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் ஜன்னலில் ஆலிஸ்.

நிம்மதி வந்தது குடும்பத்துக்கு, ஆலிஸுக்கு இல்லை. பேய் போய்விட்டது என்று அவர்கள் கிளம்பவில்லை, அவர்களுக்குத் துக்கம் போய்விட்டது, அதனால் கிளம்புகிறார்கள். அவள் அங்கேயே நிற்கிறாள். என்னைப் பொறுத்தவரை இது ஒரு பெண்ணை இரண்டாவது தடவையாகக் கைவிட்ட கதை. வேறு மாதிரி யாராவது புரிந்துகொண்டீர்களா?

அரைத்தூக்கம்:
முதல் ஒரு மணி நேரம் எனக்குத் தூக்கம்தான் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறார், அடுத்தவர் வராந்தாவில் உட்கார்ந்து பேசுகிறார். பேய் எங்கே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து லைட் போடப் போனேன், திரும்பிப் பார்த்தால் பழைய காட்சிகளையே மறுபடி காட்டுகிறான், மேத்யூ காட்டின இடத்தில் இல்லை, அதே சட்டகத்தில் வேறு ஒரு மூலையில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். அப்படியே ஸ்விட்சில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்காக மட்டும் படத்தை மன்னித்தேன்.

ரீல்பெட்டி:
எல்லோரும் அந்தக் கடைசிப் படங்களை அப்படியே நம்பிவிடுகிறீர்கள், அதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. இந்தப் படம் நடுவில் என்ன செய்தது? மேத்யூவே ஒப்புக்கொள்கிறான்: புகைப்படத்தில் வந்த உருவமெல்லாம் அவன் செய்த தில்லுமுல்லு, அணையில் வேறு யாரோ எடுத்த வீடியோவில் தெரிந்த உருவம்கூட ஆலிஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்த அவன்தான். அதாவது "புகைப்படத்தை நம்பாதே" என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு, கடைசியில் அதே மாதிரி மங்கலான நாலு புகைப்படத்தைக் காட்டுகிறது. நாம் உடனே ஐயோ ஆலிஸ் என்கிறோம்.

படம் ஆரம்பிக்கும்போது வரும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கவனித்தீர்களா? 19ஆம் நூற்றாண்டு ஆவிப் புகைப்படங்கள் அவை. அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்று ஒருவர், 1860களில் இந்தத் தொழிலை ஆரம்பித்தவர். உள்நாட்டுப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் நிறைய இருந்த காலம். போய் நாற்காலியில் உட்கார்ந்தால், கழுவி எடுத்த படத்தில் நம் தோளுக்குப் பின்னால் புகை மாதிரி ஒரு முகம். ஒரே கண்ணாடித் தகட்டில் இரண்டு தடவை ஒளி பட்டால் அப்படி வரும், அவ்வளவுதான் வித்தை. 1869இல் நியூயார்க்கில் மோசடி வழக்கே நடந்தது, போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம்தான் லிங்கனின் மனைவி மேரி அவரிடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டார், பின்னால் கணவர் தோளில் கைவைத்து நிற்கிற மாதிரி. பார்த்து நெகிழ்ந்துபோனவர்கள் முட்டாள்கள் இல்லை, அவர்களுக்கு அது வேண்டியிருந்தது.

அதனால் என் வாசிப்பு இது: முடிவில் பாமர் குடும்பம் பேயை விட்டுவிட்டது, அந்தப் பித்து இப்போது நமக்குத் தொற்றிவிட்டது. மேத்யூ குடும்பத்தை ஏமாற்றினான், ஆவணப்படம் எடுத்தவர் நம்மை ஏமாற்றுகிறார். இங்கே ஆலிஸ் பாவம் என்று அழுதுகொண்டிருப்பது யார், பாருங்கள்.

கடைசிவரிசை:
ரீல்பெட்டி, மம்லர் கதை எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் ஒரு இடத்தில் உங்கள் வாதம் சறுக்குகிறது. மேத்யூவின் பொய்ப்படத்துக்குள்ளேயே ஓர் உண்மை இருந்ததே. ஆலிஸின் அறையில் எடுத்த வீடியோவில் எல்லோரும் அந்தப் பொய் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஜூன் ஒருத்திதான் மறுபடி போட்டுப் பார்த்து, இருட்டில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருக்கிற பக்கத்து வீட்டு ஆளைக் கண்டுபிடிக்கிறார். ஆலிஸ் குழந்தை பார்த்துக்கொள்ளப் போன வீட்டுக்காரன். அவனும் அவன் மனைவியும் அந்தப் பெண்ணிடம் நடந்துகொண்ட விதத்துக்கு ஒரு வீடியோ டேப் சாட்சி, அதைத் தேடித்தான் யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைந்திருக்கிறான். குடும்பம் பேயைத் தேடியது, கிடைத்தது அண்டைவீட்டு ஆள். பொய் ஓர் இடத்தில் இருக்கும்போது உண்மை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்று படம் ஏற்கெனவே ஒரு தடவை காட்டிவிட்டது, கடைசியில் காட்டுவது அதே கணக்கு.

மண்குதிரை:
நீங்கள் இரண்டு பேரும் ஆலிஸ் செத்தபிறகு வந்த பேய் என்றே வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தச் செல்போன் வீடியோவை எங்கே வைப்பீர்கள்?

பள்ளிச் சுற்றுலாவில் லேக் மங்கோ போகிறாள். ராத்திரி ஒரு மரத்தடியில் தன் போனையும் நகையையும் புதைக்கிறாள். குடும்பம் பின்னால் போய்த் தோண்டி எடுக்கிறது. போனில் ஒரு வீடியோ: இருட்டில் ஓர் உருவம் நடந்து வருகிறது, கிட்டே வரவர முகம் தெரிகிறது, ஆலிஸின் முகமேதான், ஆனால் ஊதிப்போன முகம், அணையிலிருந்து எடுத்த பிணத்தின் முகம். அப்போது அவள் உயிரோடு இருக்கிறாள். அணைக்கு இன்னும் போகவே இல்லை. இது செத்தவள் திரும்பி வந்தது இல்லை, வரப்போகிற சாவு முன்னாலேயே வந்து எதிரே நின்றது.

இப்போது ரேயிடம் அம்மாவும் மகளும் தனித்தனியாக உட்கார்ந்து பேசின அந்த இரண்டு பதிவுகளையும் மறுபடி பாருங்கள். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு எடுத்தவை, ஆனால் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்கிறது. கடைசிவரிசை சொல்வது போல அம்மா வந்தபோது ஆலிஸின் ஆவி அங்கே நின்றது என்று வைத்தால் பாதிதான் பொருந்தும். உயிரோடு இருந்த ஆலிஸ், கண்ணை மூடி உட்கார்ந்து, தான் செத்தபிறகு அம்மா தன் அறைக்கு வரப்போவதைப் பார்த்திருக்கிறாள். ஜூனுக்கு அது மகளின் அறை. ஆலிஸுக்கு அங்கே உலவுவது அம்மா. யார் யாருக்குப் பேய்?

ரஸ்ஸல் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகளின் அறையில் உட்கார்ந்திருக்கிறார், அவள் சாதாரணமாக உள்ளே வருகிறாள், மேசையில் உட்காருகிறாள், திடீரென்று இவர் இருப்பது தெரிந்து வெளியே போ என்று கத்திக்கொண்டு வருகிறாள். பேய் மிரட்டியது என்று அவர் நினைக்கிறார். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், தன் அறையில் யாரோ ஓர் உருவம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அலறிய 16 வயதுப் பெண். பிணத்தை அடையாளம் காட்டிவிட்டு வரும்போது கார் பழுதாகி ரிவர்ஸ் கியரில் மட்டும் ஓடுகிறது, அவர் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் இல்லையா. எல்லோரும் அதைச் சும்மா ஒரு விநோதமான தகவல் என்று விட்டுவிடுகிறார்கள். படம் முழுக்க ஓடுவதே அந்தக் கியரில்தான்.

அரைத்தூக்கம்:
இந்தக் கார் விஷயம் நான் தூங்கின பகுதியில் வந்திருக்கும் போல.

நள்ளிரவுக்காட்சி:
மண்குதிரை அவர்களே, அருமை. படம் ஆரம்பத்திலேயே ஆலிஸின் குரல் வருமே, தனக்கு ஏதோ கெட்டது நடக்கப்போகிற மாதிரி இருக்கிறது, நடந்துவிட்ட மாதிரியும் இருக்கிறது, இன்னும் தன்னிடம் வந்து சேரவில்லை, வந்துகொண்டிருக்கிறது என்று. முதல் தடவை சும்மா பயமுறுத்துகிற வசனம் என்று நினைத்தேன். உங்கள் பதிவுக்கப்புறம் அது வெறும் தகவலாகத் தெரிகிறது.

ஒரு சந்தேகம். ரே கெமனியை யாரும் திட்டவில்லையே ஏன்? ஆலிஸ் தன்னிடம் வந்ததை அந்த மனுஷன் கடைசிவரை மறைத்தார். அம்மா அழுதுகொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், இவரிடம் மகளின் குரலே டேப்பில் இருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. நம்பி வந்தவர் ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்கிறார். எனக்கென்னவோ ஆள் மேல் நம்பிக்கை வரவில்லை.

ரீல்பெட்டி:
வரக்கூடாதுதான். ரே, மேத்யூ, பக்கத்து வீட்டுக்காரன், படத்தில் மூன்று பேரும் எதையோ ஒளித்துவைத்தவர்கள். குடும்பத்தில் ஒருவரிடமும் உண்மை இல்லை. ஜூன்கூட ராத்திரியில் வெளியே நடந்துபோய் அடுத்தவர் வீடுகளுக்குள் நுழைந்து சும்மா நின்றுவிட்டு வந்ததை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை.

மண்குதிரையின் வாதம் அழகாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். போன் வீடியோவுக்கு என்னிடம் பதில் கிடையாது. அதை மேத்யூ செய்திருக்க முடியாது, மண்ணுக்குள் இருந்து வந்தது. அதை மட்டும் படம் எனக்கு விட்டுவைக்கவில்லை, கோபமாகத்தான் இருக்கிறது.

பவானிக்கரை:
மண்ணுக்குள் இருந்து வந்தது என்று சொன்னதும் நானும் வந்துவிட்டேன். படத்தின் பெயர் ஏன் அந்த ஏரி என்று யாரும் கேட்கவில்லையே? ஆலிஸ் அங்கே சாகவில்லை. வீடு விக்டோரியாவில், மங்கோ ஏரி நியூ சவுத் வேல்ஸின் தென்மேற்கு மூலையில்.

அது பெயருக்குத்தான் ஏரி. தண்ணீர் வற்றி ஏறக்குறைய 15,000 வருடம் ஆகிறது. இப்போது பார்த்தால் சமவெளி, ஓரத்தில் பிறை வடிவில் நீளமான மணல்மேடு, அரித்து அரித்துக் கோபுரம் கோபுரமாக நிற்கும், சீனச் சுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1968இல் ஜிம் பௌலர் என்கிற நிலவியலாளர் அந்த மேட்டில் எரிந்த எலும்புகளைப் பார்த்தார். ஒரு பெண்ணுடையவை. எரித்து, நொறுக்கி, மறுபடி எரித்துப் புதைத்திருக்கிறார்கள். உலகத்தில் தெரிந்த மிகப் பழைய தகனம் என்கிறார்கள். 1974இல் அதே ஆள் ஒரு முழு எலும்புக்கூட்டையும் கண்டுபிடித்தார், ஆண், உடல் மேல் செங்காவி தூவிப் புதைத்தது. சுமார் 42,000 வருடம். யாரும் தேடித் தோண்டவில்லை, காற்றும் மழையும் மணலை அரிக்க, உள்ளே இருந்தவர்கள் தானாக வெளியே தெரிந்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். தண்ணீரில் மூழ்கிச் சாகப்போகிற பெண், தன் மூழ்கின முகத்தை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஏரியில் பார்க்கிறாள். புதைத்தது வெளியே வருகிற இடத்தில் போனைப் புதைக்கிறாள். அவள் உடலையே ஒரு தடவை தோண்டியிருக்கிறார்கள். ஆக, இது முழுக்கத் தோண்டுகிற படம்.

இன்னொன்று, இது என் சொந்தக் கருத்து. அந்த இரண்டு பேரின் எலும்புகளையும் ஆராய்ச்சிக்கு என்று கான்பெராவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அந்த மண்ணுக்குரிய பழங்குடி மக்கள், பாக்கண்ட்ஜி, முத்தி முத்தி, நியாம்பா, வருடக்கணக்காகக் கேட்டுத்தான் பெண்ணை 1992இலும் ஆணை 2017இலும் திரும்ப வாங்கினார்கள். படம் இதில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எங்கள் பிள்ளை எங்கே என்று ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அந்த மணலைத் தோண்டும்போது எனக்கு இதுதான் மனதில் ஓடியது. இயக்குநர் நினைத்தாரா இல்லையா என்பதை வைத்துச் சண்டைக்கு வராதீர்கள்.

மண்குதிரை:
வரமாட்டேன். செங்காவி வரைக்கும் போவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கடைசிவரிசை:
பவானிக்கரை, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். மண்குதிரை சொன்ன காலக்கணக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டாலும் என் பழைய வலி போகமாட்டேன் என்கிறது. சரி, ஆலிஸ் முன்கூட்டியே பார்த்தாள். என்ன பார்த்தாள்? அம்மா வந்துவிட்டுத் தன்னைப் பார்க்காமல் போவதை. உயிரோடு இருக்கும்போதே அதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் நடந்ததை ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று படம் முழுக்கக் கேட்கிறோம். பார்க்கமாட்டாள் என்று கண்ணால் கண்டவள் எப்படிச் சொல்வாள்? ஜூனே பேட்டியில் சொல்கிறார், தன் அம்மாவிடமும் தனக்கு அப்படி ஒரு தள்ளி நிற்றல் இருந்தது, அதையேதான் மகளுக்கும் கொடுத்திருக்கிறேன் என்கிற மாதிரி. அழாமல் சொல்கிறார், அதுதான் தாங்கவில்லை. வசனம் எழுதாமல் நடிகர்களையே பேசவிட்டு எடுத்தார்களாம், ரோஸி ட்ரெய்னர் அந்த இடத்தில் கொஞ்சம் தேடித் தேடிப் பேசுவதைப் பாருங்கள்.

தேநீர்க்கடை:
ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன். கோட்பாடு எல்லாம் எனக்கு வராது. ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் சித்தப்பா 2014இல் போய்ச் சேர்ந்தார், திடீர் மாரடைப்பு. அவருக்கு நல்ல படம் ஒன்றுகூடக் கிடையாது, கேமரா பார்த்தாலே நகர்ந்துவிடுகிற ஆள். பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அம்மா அக்காவின் கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண்ணெய் ஒட்டின பிளாஸ்டிக் பக்கங்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிர்ரென்று சத்தம் வரும். மூன்று வருடமாக நூறு தடவை பார்த்த ஆல்பம். பந்திப் படம் ஒன்றில் அக்கா மாமனார் இலையில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், அவருக்குப் பின்னால், பாதி தூணுக்குள் மறைந்து, தண்ணீர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா. நேராக கேமராவையே பார்க்கிறார். "இத்தனை நாளா இங்கதான் நின்னுட்டிருந்தாரா"ன்னு அம்மா கேட்டாள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கப் பார்த்தோம், ஸ்டூடியோவில் முகம் கலைந்துபோகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆதார் அட்டைப் படத்தைத்தான் மாட்டினோம்.

லேக் மங்கோவில் பெயர்கள் ஓடும்போது வந்த அந்தப் படங்களைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. போய் ஆல்பத்தை எடுத்தேன்.

ரீல்பெட்டி:
தேநீர்க்கடை, இதற்குமேல் மம்லரைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

நள்ளிரவுக்காட்சி:
அந்தப் பந்திப் படத்தைப் பத்திரமாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. பிளாஸ்டிக் ஒட்டினால் நாளடைவில் சாயம் அதோடு வந்துவிடும்.

தேநீர்க்கடை:
பாதி வந்துவிட்டது தம்பி. நல்லவேளை, தூண் பக்கம் இல்லை.

கடைசிவரிசை:
நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நேற்று மனைவியை உட்காரவைத்து நாலாவது தடவை போட்டேன். கதை ஒன்றும் சொல்லவில்லை. மேத்யூ பின்கட்டில் எடுத்த படம் ஒன்று வந்தது, எல்லோரும் ஒரு பக்கம் கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இவள் பாட்டுக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அந்தப் பக்கம் யாரு?" என்றாள். எந்தப் பக்கம் என்றேன். அதற்குள் காட்சி மாறிவிட்டது. பின்னால் ஓட்டி நிறுத்தி இரண்டு பேரும் டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். புதராக இருக்கலாம், வேலி நிழலாக இருக்கலாம். இல்லை, நிற்கிறாள் என்று இவள் சாதிக்கிறாள்.

கடைசியில் வரும், பார் என்று சொல்லி வைத்தேன். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பிக்கும்போதே தூங்கிவிட்டாள்.